கடலோரக் கிராமத்தில் வாடகை வாழ்க்கை சுகமே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பொங்கல் வேலைகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும் இந்தக் குடியிருப்பின் பெரியவர்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

"கடலோரக் கிராமத்தில் வாடகைக்குக் குடியிருப்பது சுகமா, சுமையா?" என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரர் சுமைதான் என்று அடித்துச் சொல்லிவிட்டு அமர்ந்திருக்கிறார். இரும்பெல்லாம் துருப்பிடிக்கும், தண்ணீர் உப்புக் கரிக்கும், மீன் வாடை போகாது, சுனாமி வந்தால் எங்கே ஓடுவீர்கள் என்று கேட்டார். நான்கும் நியாயமான கேள்விகள். நான்கையும் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் பொதுவாகக் கடற்கரை என்று பேசினால் பேச்சு காற்றில் போய்விடும். அதனால் நான் குடியிருக்கும் கோவளத்தை வைத்தே பேசுகிறேன். கேரளத்தில் ஒரு கோவளம் உண்டு, கன்னியாகுமரிப் பக்கமும் ஒன்று உண்டு. நான் சொல்வது சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு தாண்டினால் வரும் கோவளம். ஓஎம்ஆர் என்று நாம் சொல்லும் இந்தப் பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்து கேளம்பாக்கம் போய்த் திரும்பினால் எங்கள் ஊர்.

அந்தக் கேளம்பாக்கம் சாலையிலிருந்தே தொடங்கலாம். இரண்டு பக்கமும் உப்பங்கழித் தண்ணீர், உப்பளம். பனிக்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக வந்து நிற்கும், கூழைக்கடா வரும். வேலைக்குப் போகிறவர் அந்தச் சாலையைக் கடந்துதான் தினமும் போய் வருகிறார். இங்கே சோழிங்கநல்லூர் சிக்னலில் நிற்கும் நேரத்துக்கு அங்கே ஒருவர் ஆபீஸுக்கே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். நெரிசல் எல்லாருக்கும் உண்டு. வழியில் எதைப் பார்த்துக்கொண்டு போகிறோம் என்பதும் வாழ்க்கையில் ஒரு பங்குதானே?

சரி, தண்ணீருக்கு வருகிறேன். கடலோரம் என்றாலே தண்ணீர் உப்பு என்று சகோதரர் நினைக்கிறார். மணல்மேடு உள்ள கரைகளில் நடப்பதே வேறு. பெய்கிற மழையை மணல் அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட எடை குறைந்தது, அதனால் அது உப்பு நீருக்கு மேலே மிதந்து நிற்கும். தனுஷ்கோடியில் இரண்டு பக்கமும் கடல் இருக்க, நடுமணலில் பெண்கள் கையால் ஊத்துத் தோண்டிக் குடிதண்ணீர் எடுப்பது இதனால்தான். திருவான்மியூர் தொடங்கிக் கோவளம் வரை உள்ள மணல் பரப்பும் அப்படிப்பட்ட நீர்த்தேக்கம்தான். ஆழ்துளை போட்டு லாரி லாரியாக உறிஞ்சினால் அடியில் இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும், அது உண்மை. அப்படி ஏறிய இடங்களும் உண்டு. ஆனால் அந்தக் குற்றம் கடலுடையதா, உறிஞ்சியவருடையதா? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊருக்குத் தெற்கே நெம்மேலியில் 2013இல் ஒரு கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் வந்தது, நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர். 2024இல் பக்கத்திலேயே பதினைந்து கோடி லிட்டருக்கு இன்னொன்று. அந்தத் தண்ணீர் போவது தென்சென்னைக்கு. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது குடத்தோடு லாரிக்காகக் காத்துக் கிடந்தது எந்தத் தெருக்கள் என்று இங்கே உள்ள தாய்மார்களுக்குத் தெரியும்.

துரு. ஆமாம், பிடிக்கும். உப்புக் காற்று கிரில்லையும் விடாது, ஏசியின் வெளிப்பெட்டியையும் விடாது, சைக்கிள் செயினையும் விடாது. காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைக்கூடத் தின்னும். ஆனால் தலைப்பில் 'வாடகைக்கு' என்ற ஒரு சொல் இருப்பதைச் சகோதரர் கவனிக்கவில்லை. கரையோரம் வீடு வாங்கியவருக்கு இது தலைவலி. குடியிருப்பவருக்கு அவ்வளவு பெரிய கணக்கு இல்லை. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதையும் உரிமையாளர் பக்கம்தான் வைத்திருக்கிறது. அதே சட்டம் பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது இன்றும் பழக்கமாக இருக்கிறது. அந்தப் பணத்தைப் புரட்ட நகையை அடகு வைத்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். கிராமத்தில் பேச இடம் இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து, காபி குடித்து, "உங்களால எவ்வளவு முடியும்மா?" என்று கேட்கிற உரிமையாளரை நான் கோவளத்தில்தான் பார்த்தேன். எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள், பதிவு செய்யுங்கள், அது இருவருக்கும் நல்லது. ஆனால் அந்தக் கேள்வியை எந்த ஒப்பந்தத்திலும் எழுத முடியாது.

நடுவர் அவர்களே, எனக்கு நிறையப் பேச ஆசையுள்ள இடம் மீன். மீன் வாடை என்று முகம் சுளித்தாரே சகோதரர், அவரை ஒரு காலை எங்கள் கரைக்கு அழைக்கிறேன். விடிவதற்கு முன்னால் போன ஃபைபர் படகுகள் வெயில் ஏறும்போது திரும்பும். அலையில் ஏற்றி மணலில் இழுத்துப் போட்டதும் வலையைப் பரப்பி உட்கார்ந்துவிடுவார்கள். ஒவ்வொரு மீனாகக் கையால் கழற்ற வேண்டும். மீன்கூடப் பரவாயில்லை, நண்டு மாட்டினால் ஒரு காலை விடுவிப்பதற்குள் இன்னொரு காலால் நூலைப் பிடித்துக்கொள்ளும். ஒரு நண்டுக்காக நாலு கண்ணி அறுந்தால் அன்று மத்தியானம் முழுக்க வலை பின்ன வேண்டும். அந்தப் பக்கம் ஏலம் நடக்கும். கூடையைச் சுற்றிப் பெண்கள், விலை ஏறுவதும் நிற்பதும் அவர்கள் கண்ணசைவில். பொடி மீனெல்லாம் தரையில் கூறு கூறாக இருக்கும். என் வீட்டுக்கார அம்மா எனக்குப் பாடம் எடுத்தது அங்கேதான். செவுளைத் தூக்கிப் பார், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். கண் உள்ளே போயிருக்கக் கூடாது. விரலால் அழுத்தினால் பள்ளம் நிற்கக் கூடாது. நெத்திலிக்குக் கத்தியே வேண்டாம், தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். அப்படி வாங்கி வந்த மீன் வீட்டில் நாறாது. நாற்றம் என்பது மீன் பழசானதற்கு அடையாளம். கருவாடு காயப்போடும் நாட்களில் வாடை வரும், ஒத்துக்கொள்கிறேன். அது ஒரு குடும்பம் மழைமாதத்துக்காகச் சேர்த்து வைக்கும் சேமிப்பு. அதன் மேல் எனக்கு மரியாதை மட்டுமே உண்டு.

மழைமாதம் என்றேன். கார்த்திகை, மார்கழியில் புயல் எச்சரிக்கை வந்தால் படகுகள் நாள்கணக்கில் கரையிலேயே கிடக்கும். மாடியை வாடகைக்கு விட்ட மீனவர் வீட்டில் அந்த நாட்களில் அடுப்பெரிய வைப்பது அந்த வாடகைதான். நாம் கொடுக்கும் வாடகை எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்க முடிகிற இடத்தில் குடியிருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி தெரியுமா? இங்கே மாதம் பிறந்தால் ஏதோ ஒரு கணக்குக்குப் பணம் போகிறது, உரிமையாளர் எந்த நாட்டில் இருக்கிறார் என்றுகூடப் பலருக்குத் தெரியாது.

காற்றைச் சொல்லாமல் விட முடியாது. அக்கினி நட்சத்திர நாட்களில் நிலம் சீக்கிரம் சூடேறும், கடல் மெதுவாகத்தான் சூடேறும். நிலத்துக்கு மேலே சூடான காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். நண்பகலை ஒட்டி அது வந்து சேரும் நேரத்தை எங்கள் தெருவில் ஜன்னல் திரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். மேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாட்களில் கடல்காற்று தாமதமாகும், அன்றைக்கு நாங்களும் வியர்த்துக் கொட்டித்தான் உட்கார்ந்திருப்போம். மற்ற நாட்களில் மத்தியானத் தூக்கத்துக்கு ஏசி தேவைப்படுவதில்லை. அப்புறம் ஒன்று, காற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் கீழ்வீட்டில் இருப்பது தனிப் பாக்கியம். "ஏம்மா, வாடைக்காத்து திரும்பிடுச்சு, துணிய எடு" என்று கீழேயிருந்து குரல் வந்தால் வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் நான் மாடிக்கு ஓடிவிடுவேன்.

இப்போது சுனாமி. இதைப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்துபோனார்கள். எங்கள் ஊரையும் அந்த அலை தொட்டது. அந்தப் பயத்தை யாரும் லேசாகப் பேசக் கூடாது. ஆனால் அன்று எச்சரிக்கை சொல்ல ஆள் இல்லை. 2007இல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே பெரிய நிலநடுக்கம் வந்தபோது எச்சரிக்கை கரையை எட்டியது, மக்கள் கடற்கரையை விட்டு விலகினார்கள், பெரிய அலை வராததால் பிறகு எச்சரிக்கை விலக்கப்பட்டது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 2015 டிசம்பரில் நகரம் மூழ்கியதே, அப்போது கடலா ஊருக்குள் வந்தது? ஏரிகள் இருந்த இடத்தில் வீடு கட்டினோம், ஏரி திரும்ப வந்தது. மாடியில் நின்று கையசைத்தவர்களைக் காப்பாற்ற லாரியில் படகேற்றிக்கொண்டு வந்தவர்களில் இந்தக் கரையோர மீனவர்கள் இருந்தார்கள். அவர்களை யாரும் கூலிக்குக் கூப்பிடவில்லை. ஆபத்து வந்தால் யார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் எனக்குத் தயக்கமே இல்லை.

எங்கள் ஊரின் இன்னொரு அழகு, தமீம் அன்சாரி தர்கா, மாதா கோயில், அம்மன் கோயில் எல்லாம் நடந்து போகிற தூரத்தில் இருப்பது. ஆஸ்பத்திரிக்கு எங்கே போவீர்கள் என்று எதிரணி கேட்கலாம். பக்கத்தில் உள்ள கேளம்பாக்கத்திலேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பிள்ளைகள் சனி ஞாயிறுகளில் அலைச்சறுக்குப் பலகையோடு ஓடுகிறார்கள். சொல்லிக்கொடுப்பவர்கள் மீனவ வீட்டு இளைஞர்கள். தைமாதம் தொடங்கிப் பங்குனி வரை பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும். குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் திசையை நோக்கிப் போகும் என்பதால் கடலோரம் இருப்பவர்கள் வெளிவிளக்கை அணைக்க வேண்டும். இதை என் மகள் பாடப்புத்தகத்துக்கு முன்னால் கீழ்வீட்டுப் பாட்டியிடம் கற்றுக்கொண்டாள்.

கடைசியாக, நடுவர் அவர்களே, நான் எதற்காக இந்த அணியில் உட்கார்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். "அவ்வளவு பிடித்திருந்தால் வாங்கிவிட வேண்டியதுதானே, ஏன் வாடகை?" என்று சகோதரர் கேட்டார். அங்கேதான் எனக்கும் அவருக்கும் வேறுபாடு. கடலோரக் கிராமத்துக்கு ஏற்றவர் வாங்க வருபவர் இல்லை, குடியிருக்க வருபவர்தான் என்பது என் உறுதியான எண்ணம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாங்கியவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். முதலில் மதில் எழுந்தது. வலை காயப்போட்ட இடம் மதிலுக்குள் போனது. கடலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதைக்குக் கேட் வந்தது, கேட்டுக்குக் காவலாளி வந்தார். தலைமுறை தலைமுறையாக நடந்த பாதையில் கூடையோடு போகிற பெண் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. கரையோரம் கட்டடம் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு 1991இலேயே வந்தும் இத்தனையும் நடந்திருக்கிறது. மணலோ ஒரு வருடம் இங்கே சேரும், மறு வருடம் அங்கே அரிக்கும். நகர்ந்துகொண்டே இருக்கும் கரையில் கோடு கிழித்து எனது என்று சொல்வது மனிதன் மட்டும்தான்.

குடியிருக்க வந்தவர் மதில் எழுப்ப முடியாது. அவர் ஊரோடு இருந்தாக வேண்டும். ஊரில் ஒரு சாவு விழுந்தால் அன்று படகுகள் கடலுக்குப் போகாது. அந்த வீட்டு வாசலில் போய் உட்காருகிறவர்களில் குடித்தனக்காரர்களும் உண்டு. அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் மாடிக்கும் ஒரு சொம்பு ஏறி வரும்.

எனக்கு அடுத்து எதிரணியில் பேச வரும் சகோதரியிடம் ஒரே ஒரு கேள்வி. முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை கடலைப் பார்த்து நிற்கும் அந்தப் பெரிய பங்களாக்களில், திங்கள்கிழமை ராத்திரி விளக்கெரிகிற வீடு எத்தனை? பூட்டிக் கிடக்கும் அந்த வீடுகளை விட்டுவிட்டு, எரிகிற விளக்குகளுக்குக் கீழே குடியிருக்கும் எங்களிடம் வந்து சுமை என்று எப்படிச் சொல்வீர்கள் என்பதை இந்த மேடையிலேயே விளக்குங்கள். கேட்கக் காத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.