மடிக்கணினிக்குள் சிம்: வயர்லெஸ் பிராட்பேண்ட் கார்டைப் பொருத்தி இயக்குவது எப்படி?

[காட்சி: மேசை மீது கவிழ்த்துத் திறந்து வைத்த மடிக்கணினி. அதன் அருகில் ஒரு தீப்பெட்டி, தீப்பெட்டியின் மேல் ஒரு பச்சை நிறக் கார்டு.]

வணக்கம். தீப்பெட்டியின் மேல் நீங்கள் காணும் இந்தக் கார்டு 30 மில்லிமீட்டர் அகலமும் 42 மில்லிமீட்டர் நீளமும் உடையது. இதை மடிக்கணினிக்குள் பொருத்தி ஒரு சிம்மையும் செருகிவிட்டால், கைபேசியில் ஹாட்ஸ்பாட் போட வேண்டியதில்லை, யுஎஸ்பி டாங்கிளைத் தொங்கவிட வேண்டியதும் இல்லை. மடிக்கணினியே நேரடியாக மொபைல் டவருடன் இணைந்துகொள்ளும். மடிக்கணினியில் ஏற்கெனவே இருக்கும் வைஃபை கார்டு வீட்டிலுள்ள ரவுட்டர் வரைதான் எட்டும். இந்தக் கார்டு சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள டவரை எட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல, ஒரே மடிக்கணினியில் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

குமரி மாவட்டத்தில் இதற்குத் தேவை இருக்கிறது. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் வாழ்பவர்களுக்கு ஃபைபர் இணைப்பு எளிதில் கிடைத்துவிடும். குலசேகரத்தைத் தாண்டிப் பேச்சிப்பாறைப் பக்கம் சென்றால், ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே வீடுகள் தள்ளித் தள்ளி நிற்கும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என இரண்டு மழையையும் வாங்கும் மாவட்டம் இது. ஒரு ரப்பர் மரம் சாய்ந்தாலே கேபிள் அறுந்துவிடும். அத்தகைய வீடுகளில் இருந்து வேலை பார்ப்பவர்களுக்காகவே இந்த விளக்கத்தைத் தயாரித்திருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திருப்புளியைக் கையில் எடுத்துக் கார்டைப் பொருத்தும் வேலை 20 நிமிடத்தில் முடிந்துவிடும். கார்டை வாங்குவதற்கு முன்பு நீங்கள் செய்யும் விசாரணைதான் அந்த 20 நிமிடம் பயன்படுமா, வீணாகுமா என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே வாங்கும் முன் பார்க்க வேண்டியவற்றுக்கு இந்த வீடியோவில் அதிக நேரம் கொடுத்திருக்கிறேன்.

[காட்சி: மடிக்கணினியின் பக்கவாட்டில் சிம் தட்டு. பிறகு, உள்ளே காலியான ஸ்லாட்.]

என் அக்கா மகள் பழைய மடிக்கணினி ஒன்றை இணையவழியில் வாங்கினாள். "மாமா, சிம் போடும் வசதி உள்ளதாகப் பார்த்துத்தான் வாங்கினேன்" என்று சொல்லிக் கொண்டுவந்து கொடுத்தாள். பக்கவாட்டில் சிம் தட்டு இருந்தது. அடிமூடியைக் கழற்றிப் பார்த்தால் கார்டுக்கான ஸ்லாட்டும் இருந்தது. ஆனால் அந்த ஸ்லாட்டின் அருகே வந்து முடிய வேண்டிய ஆன்டெனா கம்பிகள் இரண்டும் இல்லை. ஒரே மாடல் மடிக்கணினியைக் கார்டு வசதியுடனும் வசதி இல்லாமலும் நிறுவனங்கள் தயாரிப்பதுண்டு. விலை குறைந்த வகையில் சிம் தட்டு இருக்கும், ஸ்லாட் இருக்கும், ஆன்டெனாவை மட்டும் வைத்திருக்க மாட்டார்கள். விற்றவர் பொய் சொல்லவில்லை; அவரும் உள்ளே திறந்து பார்த்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

எனவே முதலில் ஆன்டெனாவைப் பாருங்கள். ஆன்டெனாவின் உடல் பெரும்பாலும் திரையைச் சுற்றியுள்ள சட்டத்துக்குள் இருக்கும். அங்கிருந்து மெல்லிய கம்பிகள் கீல் வழியாக இறங்கி, ஸ்லாட்டுக்கு அருகில் வந்து நிற்கும். பயன்படுத்தப்படாத கம்பிகளின் முனையில் சிறிய பிளாஸ்டிக் உறை மாட்டி, டேப்பால் ஒட்டி வைத்திருப்பார்கள். பல மாடல்களில் வைஃபை கம்பிகள் கறுப்பும் சாம்பலுமாக இருக்கும், மொபைல் ஆன்டெனாக் கம்பிகள் சிவப்பும் நீலமுமாக இருக்கும். ஆயினும் நிறத்தை மட்டும் நம்பாமல், உங்கள் மாடலுக்கான பராமரிப்புக் கையேட்டை நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிப் பார்ப்பதே முறை.

"வைஃபை ஆன்டெனாவையே இதற்கும் மாட்டிவிடலாமே" என்று பலர் கேட்கிறார்கள். மாட்டலாம், ஆனால் பயன் மிகக் குறைவு. வைஃபை இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். மொபைல் சேவையில் பயன்படும் 850 மெகாஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். அலை நீளமாக இருந்தால் அதற்கேற்ற ஆன்டெனாவும் நீளமாக இருக்க வேண்டும். வைஃபைக்காக வெட்டிய குட்டை ஆன்டெனாவில் 850 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் சரியாகப் பிடிபடாது. மலையடிவாரத்தில் இருப்பவருக்கோ மிகவும் தேவைப்படுவது அந்தச் சிக்னல்தான். அதிர்வெண் குறையக் குறைய அலை தொலைவுக்குச் செல்லும், மரக்கூட்டத்தையும் சுவரையும் ஓரளவு தாண்டி வரும். 2300 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் மழையில் நனைந்த ரப்பர் இலைகளைக் கடந்து வருவதற்குள் வலுவிழந்துவிடும்.

[காட்சி: இரண்டு கார்டுகள் அருகருகே. முனையிலுள்ள வெட்டு சிவப்பு வட்டத்துக்குள்.]

இரண்டாவதாக, ஸ்லாட்டின் வகை. ஏறத்தாழ 2014க்குப் பிறகு வந்த மடிக்கணினிகளில் பெரும்பாலும் எம்.2 எனப்படும் ஸ்லாட் இருக்கும். அதற்கு முந்தையவற்றில் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ். எம்.2 கார்டின் முனையில் ஒரு வெட்டு உண்டு. மொபைல் கார்டின் வெட்டு பி வகை, வைஃபை கார்டின் வெட்டு ஏ அல்லது ஈ வகை. தவறான ஸ்லாட்டில் கார்டு இறங்காது. அழுத்தித் திணித்தால் ஸ்லாட் உடைந்துவிடும். பழைய மடிக்கணினிகளில் இந்த இடத்தில் யாரேனும் சிறிய எஸ்எஸ்டி சேமிப்பகம் ஒன்றை மாட்டி வைத்திருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 5ஜி கார்டுகள் பெரும்பாலும் 52 மில்லிமீட்டர் நீளம் உடையவை, அவற்றுக்கு நான்கு ஆன்டெனாக்கள் தேவை. 4ஜிக்காகத் தயாரான மடிக்கணினியில் 5ஜி கார்டை மாட்ட முனைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சில நிறுவனங்களின் மடிக்கணினிகளில், கணினி துவங்கும்போதே இயங்கும் பயாஸ் மென்பொருளே கார்டைச் சோதிக்கும். அந்த நிறுவனம் அனுமதித்த பட்டியலில் இல்லாத கார்டை மாட்டினால், 1802 என்பது போன்ற ஒரு பிழை எண்ணைக் காட்டிக் கணினி துவங்க மறுத்துவிடும். கார்டைக் கழற்றினால் மீண்டும் துவங்கும், பயப்பட வேண்டாம். ஆனால் கொடுத்த பணம் போனதுதான். கையேட்டில் கார்டுக்கான உதிரிபாக எண் இருக்கும். அதே எண்ணுள்ள கார்டை வாங்கினால் இந்தச் சிக்கலே எழாது.

மூன்றாவது, அலைவரிசை, அதாவது பேண்ட். இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். சியரா வயர்லெஸ் நிறுவனத்தின் ஈஎம் 7455, ஈஎம் 7430 ஆகிய இரண்டு கார்டுகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முதலாவது அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் கருதிச் செய்தது. அதில் பேண்ட் 40, அதாவது 2300 மெகாஹெர்ட்ஸ், கிடையாது. இரண்டாவது ஆசிய பசிபிக் நாடுகளுக்கானது. அதில் பேண்ட் 40 உண்டு. இந்தியாவில் ஜியோ தனது 4ஜி சேவையை 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸில் வழங்குகிறது. அவை முறையே பேண்ட் 5, 3, 40. ஏர்டெல் 900, 1800, 2100, 2300 மெகாஹெர்ட்ஸைப் பயன்படுத்துகிறது. பிஎஸ்என்எல் 4ஜிக்கு 700, 2100 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 28, பேண்ட் 1 இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் எந்த நிறுவனத்தின் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறதோ அதை முதலில் கைபேசியில் உறுதி செய்துகொண்டு, அதற்குரிய பேண்டுகள் உள்ள கார்டையே தேடுங்கள். கோபி 3000 போன்ற பழைய 3ஜி கார்டுகள் மலிவாகக் கிடைக்கும், தொடவே வேண்டாம். ஜியோவில் 3ஜி என்பதே கிடையாது, ஏர்டெல்லும் 2020இல் 3ஜியை நிறுத்திவிட்டது.

பயன்படுத்திய கார்டை வாங்குவதாக இருந்தால், அதன் மேல் ஒட்டியுள்ள 15 இலக்க ஐஎம்ஈஐ எண்ணை, அதாவது கார்டின் தனி அடையாள எண்ணை, கேட்டு வாங்குங்கள். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு அந்த எண் என்று தட்டி 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது தடை செய்யப்பட்ட எண்ணா என்பதை அறிய முடியும். கார்டில் அச்சிட்ட எண்ணும் மென்பொருளில் தெரியும் எண்ணும் வேறுபட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்; ஐஎம்ஈஐ எண்ணை மாற்றுவது நம் நாட்டில் குற்றம்.

[காட்சி: கேமரா மிக அருகில். விரல் நகமும் ஆன்டெனாக் கம்பியின் முனையும்.]

இனி பொருத்தும் வேலை. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுங்கள். அப்போதுதான் விண்டோஸ் பாதி உறக்கத்தில் நிற்காமல் முழுமையாக அணையும். சார்ஜரைக் கழற்றி, அடிமூடியைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரியின் இணைப்பை எடுத்துவிடுங்கள். உலோகம் ஒன்றைத் தொட்டு, உடலில் உள்ள நிலைமின்னை இறக்கிக்கொள்ளுங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உள்ளவர்கள் ஸ்லாட்டின் முனைகளில் உப்புக்காற்றால் பச்சை படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படிந்திருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள்.

கார்டை ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் ஸ்லாட்டுக்குள் செலுத்துங்கள். தங்க நிற முனைகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு உள்ளே சென்ற பிறகு, மேல்முனையை மெதுவாகக் கீழே அமர்த்தி, திருகை முடுக்குங்கள். இறுக்கிப் பிடித்தால் போதும், பலம் காட்ட வேண்டாம்.

அடுத்ததுதான் இந்த வேலையிலேயே பொறுமை கேட்கும் இடம். ஆன்டெனாக் கம்பியின் முனையில் உள்ள வட்ட இணைப்பி ஒரு கடுகளவே இருக்கும். அதைக் கார்டில் உள்ள புள்ளிக்கு நேர் மேலே வைத்து, சாய்க்காமல், விரல் நகத்தால் செங்குத்தாக அழுத்த வேண்டும். சரியாக உட்கார்ந்தால் 'டிக்' என்ற சிறு ஒலியை விரலே உணரும். உட்காராத நிலையில் அழுத்தினால் உள்ளிருக்கும் ஊசி வளைந்துவிடும். ஆகவே முதலில் லேசாக ஆட்டிப் பார்த்து, நடுவில் பொருந்தியதை உறுதி செய்த பிறகே அழுத்துங்கள். கழற்றும்போது கம்பியைப் பிடித்து இழுக்காதீர்கள், இணைப்பியின் விளிம்பில் நெம்பித் தூக்குங்கள். இந்த இணைப்பிகள் சுமார் 30 முறை மாட்டிக் கழற்றுவதற்கே உருவாக்கப்பட்டவை. கார்டில் எம் என்ற எழுத்துள்ள புள்ளி முதன்மை ஆன்டெனாவுக்கு, ஏ அல்லது டி என்றிருப்பது துணை ஆன்டெனாவுக்கு. முதன்மையை மாற்றி மாட்டினாலும் இணைப்பு கிடைக்கக்கூடும், ஆனால் அனுப்பும் வேகம் அடிபடும்.

சிம்மை முதலில் ஒரு கைபேசியில் போட்டு, அது செயல்பாட்டுக்கு வந்து இணையம் கிடைப்பதைப் பார்த்துவிட்டு, பிறகு மடிக்கணினியின் தட்டில் வையுங்கள்.

[காட்சி: விண்டோஸ் அமைப்புகள் திரை.]

கணினி துவங்கியதும் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்கள் பகுதியைத் திறந்து பாருங்கள். விண்டோஸ் 8 முதல் மொபைல் கார்டுகளுக்கான எம்பிஐஎம் என்ற பொதுத் தரத்தின் டிரைவர் (இயக்கு மென்பொருள்) விண்டோஸிலேயே இருப்பதால், பெரும்பாலான கார்டுகள் தாமாகவே அங்கே தோன்றும். தோன்றாவிட்டால் பயாஸில் வயர்லெஸ் வான் என்ற மொபைல் கார்டுக்கான பகுதி முடக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, அதன் பிறகு மடிக்கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவரை இறக்குங்கள்.

அமைப்புகளில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் பகுதிக்குள் செல்லுலார் என்ற வரி புதிதாக வந்திருக்கும். அதற்குள் ஏபிஎன், அதாவது மொபைல் நிறுவனத்தின் இணைய நுழைவாயிலின் பெயர், சேர்க்கும் இடம் உண்டு. ஜியோவுக்கு ஜியோநெட், ஏர்டெல்லுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ் புள்ளி காம், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட். அனைத்தும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளி இல்லாமல். எழுத்துகள் திரையில் தெரிகின்றன, அவற்றைப் பார்த்துத் தட்டுங்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் காலியாகவே இருக்கட்டும். ஐபி வகை என்ற இடத்தில் ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் சேர்ந்த தேர்வை எடுங்கள். 'இணைக்கப்பட்டது' என்று காட்டியும் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால், பெரும்பாலும் ஏபிஎன்னில் ஓர் எழுத்து தவறியிருக்கும், அல்லது இந்த ஐபி வகை தவறாக இருக்கும்.

களியக்காவிளை, அதையொட்டிய எல்லையோர ஊர்களில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு செய்தி. அங்கே மடிக்கணினி கேரளத் தொலைத்தொடர்பு வட்டத்தின் டவரைப் பிடித்துக்கொண்டு, ரோமிங் என்று காட்டக்கூடும். விண்டோஸில் டேட்டா ரோமிங் பொதுவாக அணைத்தே வைக்கப்பட்டிருக்கும் என்பதால், சிக்னல் கோடுகள் நிறைந்திருந்தும் இணையம் நின்றுவிடும். ரோமிங்கை அனுமதித்தால் சரியாகிவிடும்; உங்கள் திட்டத்தில் நாட்டுக்குள் ரோமிங்குக்குக் கட்டணம் இல்லை என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டேட்டாவுக்கு அளவு உண்டு என்று விண்டோஸுக்குச் சொல்லும் மீட்டர்டு கனெக்ஷன் என்ற தேர்வை இயக்கி வையுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் அப்டேட் ஒரே இரவில் அன்றைய டேட்டா முழுவதையும் தின்றுவிடும்.

உபுண்டு போன்ற லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் மொபைல் கார்டை இயக்கும் மோடம்மேனேஜர் என்ற மென்பொருள் வழியாக இதே ஏபிஎன்னைக் கொடுக்கலாம். புதிய மடிக்கணினிகளுடன் வரும் சில கார்டுகள், எஃப்சிசி பூட்டு என்ற பூட்டைத் திறக்கும் வரை ரேடியோவை இயக்காது. மோடம்மேனேஜர் 1.18.4 பதிப்பு முதல் அந்தப் பூட்டு தானாகத் திறப்பதில்லை, அதற்கான சிறு நிரலைப் பயனர்தான் இயக்கிவிட வேண்டும்.

[காட்சி: கமாண்ட் பிராம்ப்ட்டில் சிக்னல் அளவு. பின்னணியில் ஜன்னல், அதற்கு வெளியே ரப்பர் மரங்கள்.]

அடிமூடியின் திருகுகளை முடுக்குவதற்கு முன்பு சிக்னலை அளந்து பாருங்கள். திரையில் தெரியும் கட்டளையைக் கொடுத்தால் சதவீதமும், சிக்னலின் வலுவைக் குறிக்கும் டிபிஎம் அளவும் வரும். டிபிஎம் எதிர்ம எண் என்பதால், பூச்சியத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் வலுவானது. என் அக்கா மகளின் மடிக்கணினிக்கு, அந்த மாடலுக்குரிய ஆன்டெனாவைத் தனியாக வரவழைத்து, திரைச் சட்டத்தைப் பிரித்துப் பொருத்தினேன். அதற்கே அரை நாள் பிடித்தது. பிறகு அவளுடைய வீட்டில் ஒவ்வோர் அறையாக எடுத்துச் சென்று அளந்தோம். கூடத்தில் 31 சதவீதம், அடுக்களையில் அதைவிடக் குறைவு. மேற்கு ஜன்னலோரம் திரையை டவர் இருக்கும் பக்கம் திருப்பி வைத்தபோது 64 சதவீதம். மேசையை அங்கே நகர்த்திப் போட்ட பிறகுதான் அடிமூடியை மூடினேன்.