வீட்டு புரோக்கர் ஏன் அவசரப்படுத்துகிறார்?

[திரையில்: சென்னைப் புறநகர்த் தெரு. மின்கம்பத்தில் 'வீடு விற்பனைக்கு' என்ற அட்டை.]

வணக்கம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு விஷயத்துக்குப் போவோம். தாம்பரம் பக்கம் ஒரு பழைய ஃப்ளாட், விலை 70 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் ஒரு சதவீதம், விற்பவர் ஒரு சதவீதம் கமிஷன் என்று பேச்சு. புரோக்கருக்கு மொத்தம் 1,40,000 ரூபாய். விலையில் 3 லட்சம் குறைந்தால் உங்களுக்கு முழுதாக 3 லட்சம் மிச்சம். புரோக்கருக்கு நட்டம் வெறும் 6,000 ரூபாய். பேரம் முறிந்துபோனாலோ, 1,40,000 ரூபாயும் போயிற்று.

புரோக்கரின் நடத்தையில் பாதி இந்தக் கணக்கிலேயே விளங்கிவிடும். விலை கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் அவருக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. பத்திரம் பதிவாக வேண்டும், அதுவும் சீக்கிரம் பதிவாக வேண்டும். "காலையில்தான் இன்னொரு பார்ட்டி பார்த்துவிட்டுப் போனார்கள் சார், இன்றைக்கே டோக்கன் போட்டுவிடுங்கள்" என்பது அந்த அவசரத்தின் குரல். டோக்கன் என்றால் வீட்டை உறுதிசெய்யக் கொடுக்கும் முன்பணம். அவரைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் பிழைப்பு அப்படி. இந்த அவசரம் நமக்கும் உதவும். கடைசியில் இரண்டு லட்சத்தில் பேச்சு முட்டிக்கொண்டு நின்றால், விற்பவர் வீட்டுக்கும் போய் உட்கார்ந்து அவரை இறங்கிவரச் சொல்பவர் இதே புரோக்கர்தான். ஆகவே, உங்களால் அதிகபட்சம் எவ்வளவு தர முடியும் என்பதை மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள்.

சரி, அவரிடம் எதைக் கேட்கலாம்? தெருவைப் பற்றிக் கேளுங்கள். நவம்பர் மழையில் தண்ணீர் எந்தப் படி வரை ஏறுகிறது, கோடையில் லாரித் தண்ணீர் வாங்க வேண்டியிருக்கிறதா, ஃப்ளாட் உரிமையாளர் சங்கத்தில் வழக்கு ஏதாவது ஓடுகிறதா, பக்கத்து வீடு போன வருடம் உண்மையில் என்ன விலைக்குப் போனது, இவர் ஏன் விற்கிறார். இவையெல்லாம் எந்த இணையதளத்திலும் கிடைக்காது. நல்ல புரோக்கருக்கு இது அத்துப்படி. அவர் கமிஷன் இதற்குத்தான் தகும்.

பத்திர விஷயத்தில் மட்டும் அவர் வாய்ச்சொல் போதாது. "எல்லாம் கிளியர் டாகுமெண்ட்" என்று அவர் சொன்னால், பதிவுத்துறையின் டி.என்.ரெஜிநெட் தளத்தில் வில்லங்கத்தை, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியலை, நீங்களே எடுத்துப் பாருங்கள். பார்வையிடக் கட்டணம் இல்லை.

[திரையில்: மாதிரி வில்லங்கச் சான்றிதழ். ஒரு வரி மஞ்சள் நிறத்தில்.]

இந்த வரியைக் கவனியுங்கள். 'உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு'. உரிமையாளர் ஏதோ ஒரு வங்கியில் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார் என்று அர்த்தம். கடன் அடைந்திருந்தால் அதற்கான 'ரசீது' ஆவணம் பின்னால் ஒரு தேதியில் பதிவாகியிருக்க வேண்டும். கீழே தேடிப் பார்க்கிறோம், இல்லை. கடன் இன்னும் நிற்கலாம். அல்லது கட்டி முடித்தும் ரசீதைப் பதிவு செய்யாமல் விட்டிருக்கலாம். எது என்று வங்கியின் கடிதம்தான் சொல்ல வேண்டும். வில்லங்கத்தில் வராதவையும் உண்டு: பதிவு செய்யாத உயில், வாரிசுகளுக்குள் தகராறு, நீதிமன்ற வழக்கு. அதற்காகத்தான் தாய்ப்பத்திரத்திலிருந்து, அதாவது சொத்தின் பழைய மூலப் பத்திரத்திலிருந்து, படித்துச் சொல்ல ஒரு வழக்கறிஞர் வேண்டும். அவர் புரோக்கர் கூட்டிவந்த வழக்கறிஞராக இருக்கக் கூடாது.

மனை வாங்குபவர்கள் காதில் அடிக்கடி விழும் சொல் 'பஞ்சாயத்து அப்ரூவல்'. மனைப்பிரிவுக்கு அனுமதி தர வேண்டியது சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்). பஞ்சாயத்துத் தலைவரின் முத்திரை அதற்கு ஈடாகாது. அதேபோல், 'பவர்' (உரிமையாளர் சார்பில் செயல்பட எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரம்) வைத்திருப்பவர் விற்கிறார் என்றால் அந்தப் பவர் பதிவானதா, ரத்தாகிவிட்டதா, எழுதிக்கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். 'கிரயம் வேண்டாம், பவரே போதும்' என்று யோசனை சொல்லும் புரோக்கரும் உண்டு. பவர் பத்திரம் வீட்டின் உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

கட்டுமான நிறுவனத்தின் புதுத் திட்டத்தில் வாங்குகிறீர்களா? வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டப்படி, பதிவு பெற்ற திட்டத்தில் விற்பனைக்கு இடையில் நிற்கும் முகவரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். திட்டத்தின் எண், முகவரின் எண் இரண்டையும் கேட்டு வாங்கி, தமிழ்நாடு ரெரா தளத்தில் சரிபாருங்கள். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதற்கு முன் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கக் கூடாது. தனிநபரிடம் பழைய வீடு வாங்கும்போது இந்தப் பாதுகாப்பை நம்பியிருக்க முடியாது.

இனி பணம். டோக்கன் தொகையைப் புரோக்கர் கையில் கொடுக்காதீர்கள். உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். வீடு, மனைக்கான முன்பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. 'வழக்கறிஞர் ஆவணங்களை ஏற்காவிட்டால் டோக்கன் முழுவதும் திருப்பித் தரப்படும்' என்ற ஒரு வரியை ரசீதில் எழுதி வாங்குங்கள். அதற்குத் தயங்கும் உரிமையாளரிடம் டோக்கன் போடுவதில் அவசரம் காட்ட வேண்டாம்.

கமிஷன் எவ்வளவு என்று ரெரா சட்டம் சொல்லவில்லை. ஊர் வழக்கமும் பேச்சுத் திறமையும்தான். வீடு பார்க்கப் போகும் முதல் நாளே சதவீதத்தைப் பேசி, வாட்ஸ்ஆப்பிலாவது எழுத்தில் வையுங்கள்: எத்தனை சதவீதம், எப்போது, ஜி.எஸ்.டி. சேர்த்தா தனியா, ஒரே வீட்டுக்கு இரண்டு புரோக்கர்கள் வந்து நின்றால் யாருக்கு. அந்தக் கடைசிக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். சார்பதிவாளர் அலுவலக வாசலில் 'நான்தான் முதலில் காட்டினேன்' என்று ஒருவர் வந்து நிற்பது சர்வசாதாரணம்.

செலவுக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குத் தரும் பணத்திலிருந்து ஒரு சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டியது வாங்கும் நீங்கள்தான். புரோக்கர்கள் இதை நினைவூட்டுவது அபூர்வம். கமிஷனைப் பத்திரம் பதிவான அன்று, வங்கி வழியாக, ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். பட்டா மாற்றத்துக்கென்று தனித் தொகை கேட்டால், அதையும் முன்பே பேசிய கமிஷனில் அடக்கிவிடுவது நல்லது.