குளவி அந்துப்பூச்சி: போட்டோவை வைத்து இனம் சொல்ல முடியுமா?

சரி, அடுத்த கேள்வி. மாடித்தோட்டத்துத் தட்டைப்பயறுச் செடியில் உட்கார்ந்திருந்த ஒரு பூச்சியை மூன்று போட்டோ எடுத்து ஒரு நண்பர் அனுப்பியிருக்கிறார். கருப்பு இறக்கை, அதில் வெள்ளைப் புள்ளிகள், வயிற்றில் மஞ்சள் பட்டை. படத்தைப் பார்த்து இனம் சொல்லும் செயலியில் போட்டால் ஒரு படத்துக்கு அமாட்டா பஸ்ஸாலிஸ் என்றும் இன்னொரு படத்துக்கு வேறு பெயரும் வந்ததாம். எது சரி என்று கேட்கிறார்.

இது குளவி அந்துப்பூச்சி, பெரும்பாலும் அமாட்டா பேரினம், அதாவது நெருங்கிய பல இனங்கள் சேர்ந்த ஒரு குழு. அதற்கு மேல் இந்தப் படங்களை வைத்துச் சொல்ல முடியாது. பஸ்ஸாலிஸ் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கிற இனம்தான், அதன் புழு சந்தனத்தையும் தட்டைப்பயறையும் தின்னும். ஆனால் வளர்ந்த பூச்சி எந்தச் செடியிலும் வந்து உட்காரும், அதனால் செடியை வைத்து முடிவு கட்டக் கூடாது.

இவை ஏன் இப்படி ஒன்று போலவே இருக்கின்றன என்றால், பகலில் பறக்கிற பூச்சிகள், பறவைக் கண்ணுக்குக் குளவியாகத் தெரிந்தால் தப்பிக்க வாய்ப்பு அதிகம். ஒரு தடவை குளவியிடம் பட்ட பறவை அதே கோலத்தில் இருக்கிறதைப் பெரும்பாலும் தொடாது. அதனால் பல இனங்களும் அந்த ஒரே கோலத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன.

அப்புறம் அந்த வெள்ளைப் புள்ளி. அது வெள்ளையே இல்லை, செதில் (இறக்கையை மூடியிருக்கும் தூள்) இல்லாத கண்ணாடி போன்ற இடம். உங்கள் முதல் படத்தில் ஃபிளாஷ் பட்டு வெள்ளையாகத் தெரிகிறது, இரண்டாவதில் பின்னால் இருக்கிற இலையின் பச்சை தெரிகிறது பாருங்கள், அதே பூச்சிதான்! செயலி அதை வேறு இனமாக எடுத்துக்கொண்டிருக்கலாம். வயதான பூச்சிக்குச் செதில் உதிர்ந்து மஞ்சள் பட்டையும் மங்கிவிடும். புள்ளியின் அளவும் ஒரே இனத்துக்குள் மாறும்.

1892இல் பிரிட்டிஷ் பூச்சியியலாளர் ஹாம்ப்சன் இந்திய அந்துப்பூச்சிகளை விவரித்தபோது அவர் பார்த்தது இறக்கையை விரித்து ஊசி குத்தி வைத்த மாதிரிகளை. பின்னிறக்கைப் புள்ளி, நெற்றி நிறம், கழுத்துப் பட்டை, வயிற்றின் எந்த வளையத்தில் மஞ்சள் இருக்கிறது என்றெல்லாம் அவரால் பார்க்க முடிந்தது. நாம் எடுக்கிற படத்தில் பின்னிறக்கை முன்னிறக்கைக்கு அடியில் போய்விடுகிறது. இத்தாலியில் ஃபெஜியா, ரகாட்ஸி, க்ரூகெரி போன்ற அமாட்டா இனங்கள் இருக்கின்றன, அவ்வளவு ஆராய்ச்சி நடந்த ஊரிலேயே இவற்றை உறுதியாகப் பிரிக்க ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறார்கள்.

ஆகவே பதிவிடும்போது அமாட்டா என்று மட்டும் போடுங்கள், அதில் குறைச்சல் எதுவும் இல்லை. தப்பான இனப்பெயர் போட்டால் செயலி அதையே படித்துக்கொண்டு அடுத்தவருக்கும் அதையே சொல்லும், எனக்கு உண்மையிலேயே கவலை அதுதான்.

அடுத்த தடவை மேலிருந்து ஒரு படம் போதாது. முகத்துக்கு நேராக ஒன்று, பக்கவாட்டில் வயிற்றுப் பட்டையை எண்ணுகிற மாதிரி ஒன்று, உணர்கொம்பு நுனி வெள்ளையா கருப்பா என்று தெரிகிற மாதிரி ஒன்று. கண்ணாடிச் சன்னலில் உட்கார்ந்தால் விடாதீர்கள், அந்தப் பக்கம் போய் அடிப்பக்கத்தையும் எடுத்துவிடுங்கள். அதே தட்டைப்பயறில் மயிர் அடர்ந்த புழு இருந்தால், அந்த இலையையே கொடுத்து வளர்த்துப் பாருங்கள், வெளியே வருகிற பூச்சியின் படத்தை அனுப்புங்கள்.