கேமராவைப் பிடிக்க ஒரு கை வேண்டும்

(அந்தியூரில் நடந்த மக்கள் நல்வாழ்வுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, வேலை நாளிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் வட்டார மருத்துவ அலுவலர் அம்மா அவர்களே, முன்னாள் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த வணிகர் சங்கப் பெரியவர்களே, காலையிலிருந்து நாற்காலி சுமந்த தம்பிகளே, பர்கூர் மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம். நூலகர் ஐயாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தக் கூட்டம் நடக்க வேண்டும் என்று மூன்று மாதமாக என்னை விடாமல் கேட்டவர் அவர்தான். அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்.

டாக்டர் தூரத்தில் இருந்தபடியே போனிலும் வீடியோவிலும் நோயாளியைப் பார்க்கும் தொலை மருத்துவம் பற்றி மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். அது எப்படி நடக்கிறது, சட்டம் என்ன சொல்கிறது, மருந்து எப்படிக் கைக்கு வருகிறது.

தூரத்துத் தண்ணீர் ஆபத்துக்கு உதவாது என்பார்கள். மலையில் இருப்பவர்களுக்கு இது பழமொழி இல்லைங்க, அன்றாடம். டாக்டர் கீழே, நோயாளி மேலே. பாதை இல்லாத ஊர்களில் இன்றும் டோலி கட்டித்தான் தூக்கி வருகிறார்கள். அந்தத் தூரத்துத் தண்ணீரைக் கம்பி வழியாகப் பக்கத்தில் கொண்டுவர முடியுமா என்று பார்த்ததுதான் தொலை மருத்துவம். 2000-லேயே ஆந்திராவில் சித்தூர் மாவட்டத்து அரகொண்டா கிராமத்தில் செய்து பார்த்துவிட்டார்கள். 2019 நவம்பரில் மத்திய அரசு இ-சஞ்சீவனி என்ற தொலை மருத்துவச் சேவையைத் தொடங்கியது. 2020 மார்ச் 25, ஊரடங்கு தொடங்கிய அதே நாள், டாக்டர் வீடியோவில் பார்த்து மருந்து எழுதலாம் என்று வழிகாட்டு நெறிமுறை வந்தது. எல்லா மருந்தும் எழுத முடியாது. போதை மருந்து வகைகளுக்கு அடியோடு தடை. சட்டம் பற்றி இவ்வளவு போதும்.

இப்போது ஒரு பாட்டியின் கதையைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

போன வருஷம் மலையில் ஒரு சப் சென்டருக்கு, அதாவது துணை சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். உள்ளே சிக்னல் இல்லை. ஜன்னல் ஓரத்தில் மட்டும் இரண்டு கோடு வரும். அதனால் நர்ஸம்மா போனை ஜன்னல் கம்பியில் துணி நாடாவால் கட்டி வைத்திருந்தார். பாட்டி வந்து உட்கார்ந்தார். மடியில் ஒரு தூக்குப்போசி. திரையில் டாக்டர், சின்ன வயசுப் பையன், கடலோர மாவட்டத்துக்காரர் போல. "என்னம்மா செய்யுது?" என்றார். பாட்டி பதில் சொல்லவில்லை. போசியைத் திறந்தார், டம்ளரில் ஊற்றினார், அதை ஜன்னலுக்கு நேராக நீட்டினார். "மஜ்ஜிகே குடி சாமி" என்றார். மலையில் கன்னடம்தானே பேச்சு! அது மருந்தா என்று டாக்டர் கேட்கிறார். "மோருங்க சார், வீட்டுக்கு வந்தவங்களுக்கு முதல்ல மோர்" என்கிறார் நர்ஸம்மா. அந்தப் பையன் என்ன செய்தார் தெரியுமா? தன் மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக் காட்டி, "குடிச்சுட்டேன் பாட்டி" என்று ஒரு வாய் குடித்தார். அதற்குப் பிறகுதான் பாட்டி வாயைத் திறந்தார். தலை சுற்றுகிறது என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

டாக்டர் ரத்த அழுத்தம் கேட்டார், நர்ஸம்மா பார்த்துச் சொன்னார். மாத்திரை எழுதும் நேரம். அப்போது நர்ஸம்மா, "சார், ஒரு நிமிஷம்" என்று கீழே குனிந்தார். பாட்டி வாசற்படி ஏறும்போது இடது காலை ஊன்றாமல் வந்ததை அவர் பார்த்திருக்கிறார். புடவையை லேசாகத் தூக்கினால், பாதத்தில் பழந்துணி சுற்றியிருந்தது. பிரித்தார். அதை விவரிக்க மாட்டேன். சர்க்கரை பார்த்தார்கள், 300-ஐத் தாண்டியிருந்தது. நாடாவை அவிழ்த்து, போனைக் கையில் எடுத்து, பாதத்தின் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினார். டாக்டரின் குரலே மாறிவிட்டது. "இன்னைக்கே கீழே இறக்குங்க" என்றார். இறக்கினார்கள். கால் தப்பியது. பாட்டி இப்போதும் மாடு மேய்க்கிறார்.

சொல்லுங்கள், அந்தக் காலைக் காப்பாற்றியது யார்? போனா? டாக்டர் நல்லவர், கெட்டிக்காரர். ஆனாலும் ஜன்னலில் கட்டிய போனுக்குப் பாதம் தெரியாது. குனிந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்குப் பாட்டியின் நடை தெரிந்திருக்க வேண்டும்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கியது. 2004 முதல் கிராமங்களில் கண் மையங்கள் வைத்தார்கள். அங்கே டாக்டர் கிடையாது. பயிற்சி பெற்ற பெண்கள் கண்ணைச் சோதிப்பார்கள், டாக்டர் தூரத்திலிருந்து பார்த்து முடிவு சொல்வார். அந்தப் பெண்ணை எடுத்துவிட்டால் அந்த மையம் வெறும் அறை. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவமும் அப்படித்தான். சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கு எடுத்துப் போவது ஒரு பெண்.

அதனால்தான் போகிற இடமெல்லாம் இதையே கேட்கிறேன். மலையில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் கணக்கு. அந்த நிலையத்தில் நர்ஸம்மா இருக்க வேண்டும். பகலில் வந்து போகிறவராக இல்லாமல், ஊரிலேயே தங்குகிறவராக. தங்க வேண்டும் என்றால் ஒழுகாத குடியிருப்பு, கழிப்பறை, தண்ணீர், இரவில் வெளிச்சம் வேண்டும். ஒரு பெண்ணைத் தனியாக மலையில் விட்டுவிட்டு விளக்குகூடக் கொடுக்காமல் சேவை செய் என்பது நியாயமா? காலிப் பணியிடத்தை நிரப்பாமல் டேப்லெட் கணினி வாங்கிக் கொடுத்தால், தூரத்துத் தண்ணீர் தூரத்திலேயேதான் இருக்கும். திரையில் தெரியும், வாய்க்கு வராது.

தலைவர் மணியைப் பார்க்கிறார். மருந்து பற்றிச் சொல்ல நேரமில்லை, மன்னியுங்கள். அதை வட்டார மருத்துவ அலுவலர் அம்மா என்னைவிட நன்றாகச் சொல்வார்.

மனு வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது. மலை ஊர்களில் நர்ஸம்மா தங்குவதற்கான குடியிருப்பு, காலிப் பணியிடம், இந்த இரண்டுதான் அதில். கையெழுத்துப் போடுங்கள், கைநாட்டுக்கு மையும் வைத்திருக்கிறோம். வரும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஈரோடு கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்கிறோம். காலை ஏழு மணிக்கு அந்தியூர் பஸ் நிலையத்தில் நிற்பேன். மலையிலிருந்து வருகிறவர்கள் முதல் நாளே இறங்கிவிடுங்கள், இரவு தங்க என் வீட்டுத் திண்ணை இருக்கிறது.