ஆட்டோ ட்ரெயின்ல சைவச் சாப்பாடு கிடைக்குமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். போன வீடியோவுல வர்ஜீனியாவிலேர்ந்து ஃப்ளோரிடாவுக்கு நம்ம காரையும் ஏத்திக்கிட்டுப் போற, ஆம்ட்ராக்ங்கிற அமெரிக்கப் பயணிகள் ரயில் கம்பெனியோட ஆட்டோ ட்ரெயினைப் பத்திச் சொல்லியிருந்தேன். அதைப் பார்த்துட்டு நியூ ஜெர்சி எடிசன்லேர்ந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. அவங்க கேள்வியை அப்படியே படிக்கிறேன்: "பசங்களுக்கு லீவு விட்டதும் ஆர்லாண்டோ போறோம். நான், என் வீட்டுக்காரர், ரெண்டு பசங்க, ஊர்லேர்ந்து வந்திருக்கிற என் மாமியார். எல்லாரும் சைவம். மாமியார் முட்டை கலந்தது எதுவும் தொட மாட்டாங்க, அவங்களுக்கு முழங்கால் வலியும் உண்டு. ட்ரெயின்ல நமக்கு என்ன கிடைக்கும்? வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாமா? கூலரைக் கார்லயே வெச்சுட்டு ராத்திரி போய் எடுத்துக்கலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், ஏன்னா மத்த எல்லாமே அதை வெச்சுதான். முடியாதுங்க. கார் சாவியை வர்ஜீனியாவுல ஏறுற லார்ட்டன் ஸ்டேஷன்ல குடுத்துட்டீங்கன்னா, மறுநாள் காலையில ஃப்ளோரிடாவுல ஸான்ஃபர்டுல இறங்கி, அவங்க காரை ஓட்டிட்டு வந்து உங்க முன்னாடி நிறுத்துற வரைக்கும் அந்தக் காரை நீங்க பார்க்கவே முடியாது. கார்கள் எல்லாம் நாலு பக்கமும் மூடின தனி வேகன்கள்ல, ரயிலோட பின்பாதியில வருது. பயணிகள் இருக்கிற பெட்டியிலேர்ந்து அங்க போக வழி கிடையாது. மொத்த ரயில் முக்கால் மைல் நீளத்துக்கு மேல. அந்த வேகனுக்குள்ள ஏசியும் இல்லை. ஜூன், ஜூலை வெயில்ல கூலர்ல இருக்கிற தயிர் சாதம் காலையில என்ன ஆகியிருக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

இன்னொண்ணு, நடுவுல இறங்கி வாங்கிக்கலாம்னும் நினைக்காதீங்க. 855 மைல், சாயங்காலம் 5 மணிக்குக் கிளம்பினா மறுநாள் காலை 10 மணிவாக்குல போய்ச் சேரும். பயணிகள் ஏற இறங்க ஒரு ஸ்டேஷன் கூட கிடையாது. நடுராத்திரிவாக்குல சவுத் கரோலினாவுல ஃப்ளோரன்ஸ்ங்கிற ஊர்ல நிக்கும். அது எஞ்சினுக்கு டீசல் போட, டிரைவர், கண்டக்டர் மாத்த. பயணிகள் ஏறி இறங்கறதுக்கான ஸ்டாப் இல்லை. நம்ம ஊர் ரயில்ல ஜன்னலைத் திறந்தா டீ, வடைன்னு குரல் கேக்குமே, அந்தப் பழக்கத்துல இதுல ஏறக்கூடாது. மத்தியானம் 3 மணிக்குள்ள காரை ஒப்படைக்கணும். உங்க ராத்திரிச் சாப்பாடு என்னங்கிறது அந்த 3 மணிக்கு முன்னாடியே முடிவாகியிருக்கணும்.

சரி, ட்ரெயின்ல என்ன தர்றாங்க? அது நீங்க எடுக்கிற டிக்கெட்டைப் பொறுத்தது.

ஸ்லீப்பர்ல, அதாவது படுக்கை வசதி இருக்கிற பெட்டியில, ரூமெட்டுங்கிற சின்ன அறையோ பெட்ரூமோ எடுத்தா ராத்திரிச் சாப்பாடு டிக்கெட்லயே அடங்கிடும். டைனிங் கார்ல மேஜை விரிப்பு போட்டு, சர்வர் வந்து கேட்டுப் பரிமாறுற முழுச் சாப்பாடு. சாலட், மெயின் கோர்ஸ், கடைசியில இனிப்பு. மெயின்ல மாட்டிறைச்சி ஸ்டேக், கோழி, மீன் மாதிரி அசைவம்தான் அதிகம். சைவத்துக்குப் பாஸ்தா வகையில ஒண்ணு இருக்கும். மெனு அப்பப்ப மாறும். சாப்பாட்டோட ஒரு கிளாஸ் மதுவும் அதுலயே சேர்த்தி. வேண்டாம்னா ஜூஸ், சோடா வாங்கிக்கலாம்.

கோச் டிக்கெட், அதாவது சாய்வு நாற்காலி சீட், எடுத்தவங்களுக்கு 2020 ஜனவரியிலேர்ந்து ராத்திரிச் சாப்பாடு கிடையாது. அதுக்கு முன்னாடி எல்லாருக்கும் உண்டு. இப்போ கஃபே கார்ல காசு குடுத்து வாங்கிக்கணும். சாண்ட்விச், பீட்ஸா, சூப், சிப்ஸ் அந்த மாதிரி, மைக்ரோவேவ்ல சுட வெச்சுத் தருவாங்க. காலைச் சாப்பாடு மட்டும் ரெண்டு டிக்கெட்டுக்கும் இலவசம். அது சமைச்ச டிபன் இல்லை. சீரியல், பால், ரொட்டி, மஃபின், பழம், காபி, ஜூஸ்.

இந்த 2020 முடிவு எனக்குப் பிடிக்கலைங்க, அதை வெளிப்படையாவே சொல்றேன். இந்த ரயிலோட வரலாறே சாப்பாட்டோட சேர்ந்தது. இதை முதல்ல நடத்தினது ஆம்ட்ராக் இல்லை. யூஜின் கார்ஃபீல்டுன்னு ஒருத்தர் தனியார் கம்பெனியா 1971 டிசம்பர்ல ஆரம்பிச்சார். பெட்டிகளுக்கு ஊதா, வெள்ளை, சிவப்புன்னு பெயிண்ட் அடிச்சு, எல்லாரையும் விருந்தாளி மாதிரி உட்கார வெச்சுச் சாப்பாடு போட்டாங்க. ரயில் விபத்துகளும் கடனும் சேர்ந்து 1981-ல அந்தக் கம்பெனி மூடிடுச்சு. 1983 அக்டோபர்ல ஆம்ட்ராக் கையில எடுத்து மறுபடி ஓட்ட ஆரம்பிச்சது. கிளம்புற நேரத்தையே பாருங்க. சாயங்காலம் 5 மணிக்கு ஏத்தி, சாப்பாடு போட்டு, தூங்க வெச்சு, காலையில காபி குடுத்து இறக்கி விடற மாதிரிதான் டைம் டேபிளே இருக்கு. நடுவுல எங்கயும் இறங்க முடியாத ஒரு வண்டியில, சீட்டுல உட்கார்ந்து வர்ற குடும்பத்துக்கும் ஒருவேளை சூடான சாப்பாடு போடறது சலுகை இல்லை, அது அந்தப் பயணத்தோட ஒரு பாகம்னு நான் நினைக்கிறேன்.

இப்போ உங்க குடும்பத்துக்கு வர்றேன். அஞ்சு பேர். ஃபேமிலி பெட்ரூம்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு பெரியவங்க, ரெண்டு குழந்தைங்க படுக்கலாம். மாமியாருக்கு ஒரு ரூமெட் தனியா எடுக்கணும். அதையும் கீழ்த்தளத்துல இருக்கிறதாப் பார்த்து எடுங்க. ஏன் சொல்றேன்னா, இது ரெண்டு மாடி ரயில். ஏறும்போது கீழ்த்தளத்துலதான் ஏறுவீங்க. ஒரு பெட்டியிலேர்ந்து இன்னொரு பெட்டிக்குப் போற வழி மேல்தளத்துல மட்டும்தான் இருக்கு. டைனிங் கார் மேஜைகளும் மேல்தளத்துலதான். நடுவுல இருக்கிற படிக்கட்டு குறுகலா, வளைஞ்சு போகும். ரயில் ஆடும்போது முழங்கால் வலியோட அதுல ஏறி இறங்கறது ரொம்பச் சிரமம். அதனால மாமியாரை டைனிங் காருக்குக் கூட்டிட்டுப் போகணும்னு கட்டாயப்படுத்தாதீங்க. ஒவ்வொரு ஸ்லீப்பர் பெட்டிக்கும் ஒரு அட்டெண்டன்ட் இருப்பாங்க. ஏறினதுமே அவங்ககிட்ட "அம்மாவுக்கு ரூமுக்கே சாப்பாடு கொண்டு வந்து குடுங்க"ன்னு சொல்லிடுங்க. ரூம்ல மடக்கு மேஜை இருக்கு. செய்வாங்க. இறங்கும்போது அவங்களுக்கும், டைனிங் கார்ல பரிமாறினவங்களுக்கும் டிப்ஸ் குடுக்க மறக்காதீங்க. சாப்பாடு டிக்கெட்ல அடங்கியிருக்கேன்னு சும்மா எழுந்து வந்துடறது சரியில்லை. அந்த டைனிங் கார்ல சமையல் கட்டு கீழே. அங்கேர்ந்து சின்ன லிஃப்ட்ல தட்டை மேல அனுப்பி, ஆடற ரயில்ல 18 மேஜைக்கு ஓடி ஓடிப் பரிமாறுறாங்க. கஷ்டமான வேலை.

டைனிங் கார்ல ஒரே சமயத்துல எல்லாரும் சாப்பிட இடம் இருக்காது. பந்தி பந்தியாத்தான் விடுவாங்க, 5 மணி, 7 மணி, கூட்டம் இருந்தா 9 மணின்னு. ஸ்டேஷன்ல செக்-இன் பண்ணும்போதே எந்தப் பந்தின்னு கேப்பாங்க, முதல்ல வந்தவங்களுக்கு முதல் சாய்ஸ். உங்களுக்கு 5 மணிப் பந்தி எடுங்க. பசங்க சீக்கிரம் சாப்பிட்டுத் தூங்கிடுவாங்கங்கிறது ஒண்ணு. கோடையில வெளிச்சமும் இருக்கும், அது ரெண்டாவது. லார்ட்டன் தாண்டினதும் கொஞ்ச தூரம் பொட்டோமாக் ஆத்தை ஒட்டி ஓடும். அப்புறம் ஆஷ்லாண்டுன்னு ஒரு சின்ன ஊர், தண்டவாளம் ஊரோட மெயின் தெரு நடுவுலயே போகுது. ரெண்டு பக்கமும் வீட்டுத் திண்ணையில உட்கார்ந்திருக்கிறவங்க கை காட்டுவாங்க. பசங்களை ஜன்னல் பக்கம் உட்கார வையுங்க. மேஜைக்கு நாலு பேர். நீங்க நாலு பேர் போனா மேஜை நிறைஞ்சிடும். ரெண்டு பேர் மட்டும் போனா எதிர்ல முன்பின் தெரியாத வேற ரெண்டு பேரை உட்கார வைப்பாங்க, அதுக்குச் சங்கடப்படாதீங்க. வருஷா வருஷம் குளிர் காலத்துக்கு ஃப்ளோரிடா போற வயசானவங்க நிறைய பேர் வருவாங்க, நல்லாப் பேசுவாங்க.

சைவ விஷயத்துல மூணு கவனம். டிக்கெட் போட்ட உடனேயே ஆம்ட்ராக்குக்குப் போன் பண்ணி சைவம், வீகன் (பால், முட்டை எதுவும் இல்லாதது)னு முன்கூட்டியே சொல்லி வையுங்க. ஏறின பிறகு சொன்னா சமையல் கட்டுல இருக்கிறதுதான். அடுத்தது, பாஸ்தாவுல முட்டை இருக்கலாம், சூப்புல கோழி வேகவெச்ச தண்ணி இருக்கலாம். மேல பார்க்கிறதுக்குக் காய்கறியாத்தான் தெரியும். சர்வர்கிட்ட நேராக் கேளுங்க, தப்பா எடுத்துக்க மாட்டாங்க. மூணாவது மாமியாருக்காக: சீஸ்கேக், மஃபின் ரெண்டுலயும் முட்டை உண்டு. சில தயிர்க் கப்புகள்ல ஜெலட்டின், அதாவது மாடு, பன்னி எலும்பு, தோல்லேர்ந்து எடுக்கிறது, சேர்க்கிறாங்க, லேபிளைப் படிங்க. காலையில அவங்களுக்கு நிம்மதியா இறங்கறது பழமும், பால் ஊத்தின சீரியலும், காபியும்தான்.

அதனால வீட்டுச் சாப்பாடு கொண்டுபோங்க. தாராளமா அனுமதி உண்டு. உங்க சீட்டுலயோ ரூம்லயோ சாப்பிடலாம். டைனிங் கார் மேஜையில வெளிச் சாப்பாட்டைப் பிரிக்கக் கூடாது. சுட வெச்சுத் தரவோ, ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்கவோ அவங்களால முடியாது. ஆறினாலும் நல்லா இருக்கிறதாக் கட்டிக்கணும். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவின இட்லி, புளியோதரை, சப்பாத்தி தக்காளித் தொக்கு இதெல்லாம் மறுநாள் காலை வரைக்கும் தாங்கும். தயிர் சாதம் வேணும்னா சாதத்தைக் குழைய வடிச்சு, பாலை நிறைய ஊத்தி, தயிர் ஒரு ஸ்பூன் மட்டும் கலந்து கட்டுங்க, ராத்திரி எட்டு மணிக்குப் புளிக்காம இருக்கும். தேங்காய்ச் சட்னி வேண்டாம், ஜூன் வெயில்ல ஊசிப் போயிடும். எடிசன்லேர்ந்து லார்ட்டனுக்கு ஐ-95 நெடுஞ்சாலையில குறைஞ்சது நாலு மணி நேரம், வாஷிங்டன் பக்கம் டிராஃபிக் மாட்டினா இன்னும் கூட. விடிகாலையில எழுந்து சமைக்க முடியலைன்னா முந்தின நாளே எடிசன்ல நம்ம ஊர்க் கடைகள் இருக்கிற ஓக் ட்ரீ ரோடுல வாங்கி வெச்சுக்கலாம். ஃப்ளாஸ்க் ஒண்ணு மறக்காதீங்க, கஃபேல வெந்நீர் கேட்டு வாங்கிக்கலாம். மாமியாரோட மாத்திரை டப்பாவையும் இந்தக் கைப்பையிலயே போடுங்க. கார்ல போயிடுச்சுன்னா அவ்வளவுதான்.

எவ்வளவு கட்டறதுன்னு கேட்டா, ஒரு வேளைக்குக் கூடுதலாவே கட்டுங்கன்னு சொல்வேன். 2023 ஜனவரியில நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். 9-ஆம் தேதி சாயங்காலம் லார்ட்டன்லேர்ந்து 563 பேரையும் 333 வண்டிகளையும் ஏத்திக்கிட்டுக் கிளம்பின ரயில், வழியில ஒரு கூட்ஸ் வண்டி தடம் புரண்டதால வேற பாதையில திருப்பி விடப்பட்டது. சவுத் கரோலினாவுல ஒரு கிராமப் பக்கமா மணிக்கணக்கா நின்னு, வேலை நேரம் முடிஞ்ச ஊழியர்களுக்குப் பதிலா வேற ஆட்கள் வந்து, 11-ஆம் தேதி காலையிலதான் ஸான்ஃபர்டு போய்ச் சேர்ந்தது. 20 மணி நேரம் லேட். பயந்து போய்ப் போலீஸுக்குப் போன் பண்ணினவங்க இருக்காங்க, "நாங்க உங்களைப் பிணையா வெச்சிருக்கலை"ன்னு ரயில்ல அறிவிப்பே குடுக்க வேண்டியிருந்தது. அது அபூர்வம்தான். ஆனா இந்த ரயில் ஓடறது சிஎஸ்எக்ஸ்ங்கிற சரக்கு ரயில் கம்பெனியோட தண்டவாளத்துல. கூட்ஸ் வண்டி முன்னால போனா நம்ம வண்டி நிக்கும். ஒண்ணு ரெண்டு மணி நேரத் தாமதத்துக்கு எப்பவும் தயாரா இருக்கணும்.

ஐரோப்பாவுல இதே மாதிரி ரயில்ல எப்படின்னு வேற ஒருத்தரும் கேட்டிருந்தார், சுருக்கமாச் சொல்றேன். ஆஸ்திரியாவோட நைட்ஜெட்ங்கிற ராத்திரி ரயில்ல டைனிங் கார் கிடையாது. ஸ்லீப்பர்ல ஒரு மெனு அட்டை தருவாங்க, காலைக்கு ஆறு அயிட்டம் டிக் பண்ணிக் குடுத்தா ரூமுக்கே வரும். ஃபின்லாந்துல ஹெல்சின்கியிலேர்ந்து வடக்க ரொவானியெமிக்கு காரோட போற ராத்திரி ரயில்ல ரெஸ்டாரண்ட் கார் உண்டு, காசு குடுத்துச் சாப்பிடணும்.

சகோதரி, ஸான்ஃபர்டுல இறங்கின பிறகும் ஒரு விஷயம் இருக்கு. கார்கள் இறங்கற வரிசைக்கும் நீங்க ஏத்தின வரிசைக்கும் சம்பந்தமே கிடையாது. காருக்கு ஒட்டின நம்பரைக் கூப்பிடுவாங்க. உங்க கார் முதல்லயே வரலாம், ஒரு மணி நேரம் தாண்டியும் வரலாம். கூடுதல் காசு கட்டினா முதல்ல இறக்கித் தர்ற வசதியும் இருக்கு, மாமியாரை வெயில்ல உட்கார வைக்க மனசில்லைன்னா அதை எடுங்க. எடுக்கலைன்னா, ரயில்ல காலைச் சாப்பாடு போடறப்பவே பசங்களை எழுப்பிச் சாப்பிட வெச்சிடுங்க. ஸான்ஃபர்டு நெருங்கும்போது எடுத்து வெச்சிடுவாங்க. ரெண்டு வாழைப்பழமும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் தனியா வெச்சுக்கிட்டா அந்தக் காத்திருப்புக்குப் போதும். அடுத்த கேள்விக்குப் போலாம்.