உங்க கார் நிஜமா என்ன மைலேஜ் தருது?

[திரையில்: டேஷ்போர்டு. சராசரி மைலேஜ் 16.2 என்று ஒளிர்கிறது.]

இந்த 16.2-ஐ நம்பலாமா?

டேஷ்போர்டு காட்டுற எண், டேங்க்கை அளந்து பார்த்து வர்றது இல்ல. எஞ்சினுக்குள்ள பெட்ரோலைப் பீச்சுற இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்து மூடுதுன்னு கார் கம்ப்யூட்டர் எண்ணிட்டே இருக்கும். அதை வெச்சு, ‘இவ்வளவு எரிஞ்சிருக்கும்’னு அது போடுற கணக்குதான் இது. பல கார்கள்ல நிஜத்தைவிடக் கொஞ்சம் தாராளமாவே காட்டும். நேத்து ஓட்டினதையும் இன்னைக்கு ஓட்டினதையும் ஒப்பிட அது போதும், ஏன்னா பெரும்பாலும் ஒரே பக்கமாத்தான் தப்பும். உண்மையான எண் வேணும்னா கணக்கை நாமதான் போடணும்.

வழி ரொம்பப் பழசு, ஃபுல் டேங்க் முறை. பங்க்ல நாசில் தானா ‘டக்’குன்னு நிக்கிற வரைக்கும் அடிங்க. அதோட சரி. தொகை ரவுண்டா வரட்டும்னு மேல மேல அடிக்கிற பழக்கம் இங்க வேண்டாம். ஒண்ணு, ‘ஃபுல்’ங்கிறதுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு அளவு ஆயிடும். இன்னொண்ணு, பெட்ரோல் ஆவியைப் பிடிச்சு வைக்கிற கேனிஸ்டருக்குள்ள பெட்ரோல் திரவமாவே போய் அதைக் கெடுத்துடும். நிரப்பினதும் ட்ரிப் மீட்டரை ஜீரோ ஆக்குங்க, ஓட்டுங்க. அடுத்த தடவை மறுபடி அந்த ‘டக்’ வரைக்கும் நிரப்புங்க. ஓடின கிலோமீட்டரை இப்ப பிடிச்ச லிட்டரால வகுத்தா மைலேஜ்.

[திரையில்: 500 கி.மீ. ÷ 35 லிட்டர் = 14.3]

இதோட நிறைய பேர் முடிச்சுக்கிறாங்க. வேடிக்கையே இனிமேதான்.

நாசில் எப்பவும் ஒரே மட்டத்துல நிக்காது. வண்டி லேசா சாஞ்சு நின்னாலோ, பம்ப் வேகமா அடிச்சாலோ, நாசிலை வேற கோணத்துல சொருகினாலோ ஒரு லிட்டர் முன்னப் பின்ன ஆகலாம். அதே 500 கிலோமீட்டருக்கு 34 லிட்டர் பிடிச்சா 14.7. 36 பிடிச்சா 13.9. வண்டியும் அதே, ஓட்டினவரும் அதே, ரோடும் அதே. ஆனா ஒருத்தர் ‘சூப்பர், மைலேஜ் ஏறிடுச்சு’ன்னு சந்தோஷப்படுவாரு, இன்னொருத்தர் சர்வீஸ் சென்டருக்குக் கிளம்பிடுவாரு. பாதி டேங்க்லயே நிரப்பிக் கணக்குப் போட்டா இன்னும் மோசம். 10 லிட்டர்ல ஒரு லிட்டர் பிசகினா, 10 சதவீதம் தப்பு.

இதுக்கு மருந்தும் அந்தக் கணக்குக்குள்ளயே இருக்கு. இந்தத் தடவை ஒரு லிட்டர் குறைவா நிரம்பினா, அடுத்த தடவை அந்த ஒரு லிட்டர் கூடுதலா ஏறித்தான் ஆகணும். பிசகு எங்கேயும் போய்ச் சேர்ந்து பெருகாது. அதனால நாலஞ்சு டேங்க்கைச் சேர்த்துப் பாருங்க. மொத்தக் கிலோமீட்டர், மொத்த லிட்டர், ஒரே ஒரு வகுத்தல். ஒவ்வொரு டேங்க்குக்கும் வந்த மைலேஜைக் கூட்டி சராசரி எடுக்காதீங்க, அது தப்பான விடை தரும். 100 கிலோமீட்டர் 10 மைலேஜ்ல, இன்னொரு 100 கிலோமீட்டர் 20 மைலேஜ்ல ஓட்டியிருந்தா சராசரி 15 இல்ல. செலவானது 10-உம் 5-உம் சேர்ந்து 15 லிட்டர். 200-ஐ 15-ஆல வகுத்தா 13.3.

சரி, இதை ஏன் இவ்வளவு நேரம் இழுக்கிறேன்? மைலேஜ் டிப்ஸ்னு சுத்துறதுல பாதிக்கு மேல, நாசிலால வர்ற இந்த ஒரு லிட்டர் ஏற்ற இறக்கத்தைவிடச் சின்ன விஷயங்கள். டிக்கில கிடக்கிற 45 கிலோ சுமையை இறக்கினா மைலேஜ் ஏறுறது ஏறக்குறைய 1 சதவீதம். டயர்ல 5 பிஎஸ்ஐ காத்து குறைஞ்சா இறங்குறதும் ஏறக்குறைய அதே 1 சதவீதம். ரெண்டுமே அமெரிக்க எரிசக்தித் துறை தர்ற கணக்கு. காத்தைச் சரியா வைக்கிறது நல்லதுதான். டயர் ஆயுளுக்கும் பிரேக்குக்கும் அது வேணும், வண்டி ஓடாம ஆறியிருக்கும்போதுதான் பார்க்கவும் வேணும். ஆனா ‘காத்து அடிச்சேன், அடுத்த டேங்க்லயே ரெண்டு கிலோமீட்டர் ஏறிடுச்சு’ன்னு யாராவது சொன்னா, அவர் பார்த்தது பெரும்பாலும் நாசில் நின்ன மட்டத்தைத்தான்.

அப்போ கணக்குலயே தெரியுற அளவுக்குப் பெருசு எது? பிரேக்.

[திரையில்: சிக்னலை நோக்கி வரும் கார், மேலே சிவப்பு விளக்கு]

1,200 கிலோ எடையுள்ள கார் 60-ல வருது. அந்த வேகத்துல அதுக்குள்ள இருக்கிற இயக்க ஆற்றல் சுமார் 167 கிலோஜூல். ஒரு லிட்டர் பெட்ரோல்ல 32 மெகாஜூல் சொச்சம் இருக்கும், ஆனா எஞ்சின் அதுல கால்வாசியைத்தான் சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கும்னு வெச்சுக்கலாம். மீதி வெறும் சூடாப் போயிடும். அப்படிப் பார்த்தா, வண்டியை 60-க்குக் கொண்டு வரவே ஏறத்தாழ 20 மில்லி ஆகுது. பிரேக்கை மிதிச்சு நிறுத்தினதும் அந்த 20 மில்லி பிரேக் டிஸ்க்ல சூடா மாறிக் காத்துல போயிடுச்சு. ஊருக்குள்ள இப்படி 50 தடவை மிதிச்சா ஒரு லிட்டர்.

சிக்னல் சிவப்புன்னு தூரத்துலயே தெரியுது. அதுக்கு அப்புறமும் ஆக்சிலரேட்டர்ல கால் எதுக்கு? காலை எடுத்துடுங்க. கியர்லயே விடுங்க, நியூட்ரல் போட வேண்டாம். இன்ஜெக்டர் வெச்ச கார்கள்ல, கியர் விழுந்திருக்கும்போது காலை முழுசா எடுத்துட்டா, கம்ப்யூட்டர் எரிபொருளையே நிறுத்திடும். ஓடுற சக்கரம்தான் எஞ்சினைச் சுத்த வைக்கும். நியூட்ரல் போட்டீங்கன்னா எஞ்சின் அணையாம இருக்கிறதுக்காக பெட்ரோல் குடிக்க ஆரம்பிச்சுடும். உடனடி மைலேஜ் காட்டுற டிஸ்பிளே இருந்தா கவனிங்க, கால் எடுத்த சில விநாடில அது உச்சத்துல போய் நிக்கும். இறக்கத்துல நியூட்ரல் போடுறது பெட்ரோல் மிச்சம்னு சொல்றவங்களுக்கும் இதான் பதில். போதாததுக்கு, எஞ்சின் பிடிமானம் போய் முழு பாரமும் பிரேக் மேல விழும், அது சூடேறிப் பிடிக்காமப் போகவும் கூடும்.

அடுத்தது வேகம். காத்துத் தடை வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 80-ல போறதை 100 ஆக்கினா, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காத்தைத் தள்ள ஆகுற சக்தி 56 சதவீதம் கூடுது. டயர் உருளுறதுக்கும் எஞ்சின் உராய்வுக்கும் ஆகுறது அந்த அளவுக்கு ஏறாது, அதனால மொத்தச் செலவு 56 சதவீதம் கூடாது. ஆனா நல்லாவே கூடும். 100 கிலோமீட்டர் தூரத்துக்கு இதுல மிச்சமாகுறது 15 நிமிஷம். அது உங்களுக்கு வேணுமா வேண்டாமாங்கிறது உங்க பாடு. கூரை மேல காலி கேரியரை மாட்டிக்கிட்டு 100-ல போறதுக்கு மட்டும் எந்த நியாயமும் இல்ல.

சின்னச் சின்னப் பயணங்கள் மூணாவது. எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ஆயில் கெட்டியா இருக்கும், பெட்ரோலும் கூடுதலாப் பீச்சப்படும். கடும் குளிர்ல, அதாவது மைனஸ் 7 டிகிரில, 25 டிகிரியைவிட ஊருக்குள்ள மைலேஜ் சுமார் 15 சதவீதம் குறையும். அஞ்சாறு கிலோமீட்டர் குட்டிப் பயணம்னா 24 சதவீதம் வரைக்கும் போகலாம். மூணு வேலைக்கு மூணு தடவை வண்டியை எடுக்காம ஒரே சுத்துல முடிக்கிறது, பெட்ரோல்ல கலக்கச் சொல்லி விக்கிற எந்த அடிடிவ் பாட்டிலைவிடவும் மேல். நிறுத்தி வெச்சே பத்து நிமிஷம் சூடேத்தவும் வேண்டாம். மெதுவா ஓட்டினாலே சீக்கிரம் சூடாயிடும். நின்னுக்கிட்டு ஓடுற எஞ்சின், அளவையும் ஏசியையும் பொறுத்து, மணிக்கு ஒண்ணுல இருந்து ரெண்டு லிட்டர் வரைக்கும் குடிக்கும். மறுபடி ஸ்டார்ட் பண்ண ஆகுறது சுமார் பத்து விநாடிக்கான பெட்ரோல்தான்.

ஏர் ஃபில்டர்? இது பலருக்கு ஆச்சரியமா இருக்கும். அமெரிக்காவோட ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல சோதிச்சுப் பார்த்துச்சு. அடைஞ்ச ஃபில்டரால இன்ஜெக்டர் கார்களோட மைலேஜ் சொல்லிக்கிற மாதிரி குறையல, பிக்கப்தான் குறைஞ்சது. வர்ற காத்துக்குத் தகுந்த மாதிரி கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைச்சுக்குது. இன்ஜெக்டருக்கு முன்னாடி இருந்த கார்புரேட்டர் காலத்து அறிவுரை இன்னும் ஓடிட்டிருக்கு, அவ்வளவுதான்.

இப்ப இன்னொரு கணக்கு. ஒரு காரை 10-ல இருந்து 12-க்கு ஏத்துறீங்க. இன்னொரு காரை 20-ல இருந்து 25-க்கு. எதுல லாபம் அதிகம்?

[திரையில்: இரண்டு பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில்]

1,000 கிலோமீட்டருக்குப் பாருங்க. முதல் கார் 100 லிட்டர் குடிச்சது, இனி 83. மிச்சம் கிட்டத்தட்ட 17 லிட்டர். ரெண்டாவது 50-ல இருந்து 40. மிச்சம் 10 தான். 2008-ல ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல்னு ரெண்டு ஆய்வாளர்கள் ‘சயன்ஸ்’ இதழ்ல மைலேஜ் எண் இப்படி நம்மை ஏமாத்துறதைத்தான் எடுத்துக் காட்டினாங்க. 2013 மாடல்ல இருந்து அமெரிக்காவுல புதுக் கார்ல ஒட்டுற ஸ்டிக்கர்ல, 100 மைலுக்கு எத்தனை கேலன்னும் போடணும். ஐரோப்பாவுல 100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர்னுதான் வழக்கம். ஒவ்வொரு தடவை நிரப்புறதையும் ஒரு நோட்டுல எழுதுங்க, அதுல இந்த 100 கிலோமீட்டர் கணக்குக்கும் ஒரு கட்டம் சேர்த்துக்குங்க. நெரிசல்ல 9, ஹைவேல 18 தர்ற காருக்கு, 9-ஐ 10 ஆக்குறது 18-ஐ 20 ஆக்குறதைவிட ரெண்டு மடங்கு லிட்டர் மிச்சம். அதனாலதான் பிரேக்கை முதல்ல வெச்சேன்.

நோட்டுல வேற என்ன எழுதணும்? தேதி, ஓடோமீட்டர், லிட்டர். பக்கத்துல ஒரே ஒரு வரி: ஹைவேயா ஊருக்குள்ளயா, ஏசி எவ்வளவு, என்ன எரிபொருள். கடைசியா சொன்னது முக்கியம். எத்தனால்ல லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூணுல ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 10 சதவீதம் கலந்தாலே 3 சதவீதம் இறங்கும், அதுக்கு உங்க வலது கால் பொறுப்பில்ல.

மூணு நாலு டேங்க்கா எண் விடாம இறங்கினா, அப்ப வண்டியைச் சந்தேகப்படலாம். கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து நாலு சக்கரத்துப் பக்கத்துலயும் கையைக் கொண்டு போங்க, தொட வேண்டாம். ஒண்ணு மட்டும் மத்ததைவிட அனலா அடிச்சா, அங்க பிரேக் விடாம உரசிக்கிட்டிருக்கு. டெம்பரேச்சர் முள் எவ்வளவு ஓட்டினாலும் வழக்கமான இடத்துக்கு வரலன்னா, எஞ்சின் சூட்டைச் சரியா வைக்கிற தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடி மாட்டிக்கிட்டிருக்கலாம். எஞ்சின் எப்பவும் குளிர்ந்த நிலையிலயே ஓடி பெட்ரோலைக் கூடுதலாக் குடிக்கும். செக் எஞ்சின் விளக்கு எரிஞ்சா புகைல ஆக்சிஜன் எவ்வளவுன்னு பார்க்கிற ஆக்சிஜன் சென்சார்ல இருந்து தேட ஆரம்பிக்கச் சொல்லுங்க.

புது டயர் போட்ட கையோட இறங்கினா மட்டும் பதற வேண்டாம். தேஞ்ச டயர் ஒரு சுத்துல போன தூரத்தைவிடப் புது டயர் ஏறக்குறைய 2 சதவீதம் கூடப் போகும். ஓடோமீட்டர் எண்ணுறது சுத்தைத்தான், அதனால தூரம் குறைவாப் பதிவாகும். புது டயர் உருளுறதுக்குத் தடையும் கொஞ்சம் அதிகம். டயர் மாத்தின தேதிக்குக் கீழ ஒரு கோடு போட்டு, சராசரியை அங்கிருந்து புதுசா ஆரம்பிங்க.