மல்லாட்டை முறமும் அத்தையின் வாட்ஸ்அப்பும்

வணக்கம். இன்றைக்குச் சமையலறையிலேயே கேமராவை வைத்துவிட்டேன். முறத்தில் ஒரு கிலோ வேர்க்கடலை இருக்கிறது, எங்கள் திண்டிவனம் பக்கம் மல்லாட்டை என்போம். பொறுக்கிக்கொண்டே பேசுகிறேன்.

போன வாரம் அத்தை வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பி, "பாலில் புற்றுநோய் விஷமாமே, நிறுத்திடலாமா?" என்று கேட்டார். செய்தி பொய்யில்லை. 2018இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. அஃப்ளடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நஞ்சு வரம்பைத் தாண்டியவை 5.7 சதவீதம். எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்குத்தான். 551 மாதிரிகளில் 88!

இதை யாரும் பாலில் கலக்கவில்லை. சரியாகக் காயாத கடலையிலும் மக்காச்சோளத்திலும் வளரும் பூஞ்சை அஃப்ளடாக்சின் பி1 என்ற நஞ்சை உண்டாக்குகிறது. எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும் புண்ணாக்கை மாடு தின்றால், அந்த நஞ்சு அதன் ஈரலில் எம்1 ஆக மாறிப் பாலில் இறங்கும். காய்ச்சினாலும் போகாது. 1960இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் வான்கோழிகள் செத்து விழுந்தன. காரணத்தைத் தேடிப் போனவர்கள், தீவனத்தில் இருந்த பிரேசில் கடலைப் புண்ணாக்கில்தான் இதைப் பிடித்தார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, அஃப்ளடாக்சினை முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. சிகரெட்டும் அதே வகுப்புதான். அப்படியானால் ஒரு டம்ளர் பாலும் ஒரு சிகரெட்டும் ஒன்றா? இல்லை. புற்றுநோய் வரும் என்பதற்குச் சாட்சியம் எவ்வளவு உறுதி என்பதை மட்டும்தான் வகுப்பு சொல்கிறது. எவ்வளவு உள்ளே போனால் எவ்வளவு ஆபத்து என்பது தனிக் கணக்கு.

அதைத்தான் நேற்று நோட்டில் போட்டுப் பார்த்தேன். 60 கிலோ எடையுள்ளவர் தினம் அரை லிட்டர் பால் குடிக்கிறார், அதில் சரியாக வரம்பளவு, அதாவது கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் எம்1 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உணவிலுள்ள நஞ்சுகளை மதிப்பிடும் சர்வதேச நிபுணர் குழு 2001இல் தந்த விகிதப்படி, இப்படிக் குடிக்கும் 10 கோடிப் பேரில் ஆண்டுக்குக் கூடுதலாக 4 பேருக்கு ஈரல் புற்றுநோய் வரலாம். அதே ஆள் தினம் ஒரு கைப்பிடி, 25 கிராம் கடலை சாப்பிட்டு, அதில் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் பி1 இருந்தால்? 60 பேரைத் தாண்டுகிறது. எம்1, பி1ஐவிடப் பத்தில் ஒரு பங்கு வீரியம் என்பதும் இதில் சேர்த்தி.

அப்புறம் முக்கியமான ஒன்று. இதெல்லாம் ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உடம்பில் இல்லாதவர்களுக்கான எண். இருப்பவர்களுக்கு அதே குழுவின் விகிதப்படி 30 மடங்கு. கடலைக் கணக்கு 1,900 பக்கம் போய்விடும். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடுகிற ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, மல்லாட்டை விஷயத்திலும் நம்மைக் காக்கிறது என்று எனக்கே இதைப் படிக்கும்வரை தோன்றவில்லை.

இதே மாதிரி, காபிக்கொட்டையை வறுக்கும்போது உண்டாகும் அக்ரிலமைடு என்ற பொருளால் புற்றுநோய் வரும் என்றும் ஒரு பயம் உண்டு. கடைகளில் எச்சரிக்கை ஒட்ட வேண்டும் என்று 2018இல் கலிபோர்னியா நீதிபதி ஒருவர் சொன்னார், அடுத்த ஆண்டே மாநில அரசு காபிக்கு விலக்கு கொடுத்துவிட்டது. என் டிகாஷன் அடுப்பில் இருக்கிறது, அதை விடுவதாக இல்லை.

சரி, முறத்துக்கு வருவோம். இதோ, சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது. நஞ்சு பெரும்பாலும் இந்தச் சில பருப்புகளில்தான் குவிந்திருக்கும். வாயில் கசந்தால் உடனே துப்பிவிடுங்கள். போன வருடம் ஒரு செக்கில், "சொத்தையைத் தனியாகக் கொடுங்கம்மா, எண்ணெய்தானே" என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. சுத்திகரித்த எண்ணெயில் நஞ்சு நீங்கிவிடும். செக்கெண்ணெயில் கொஞ்சம் தங்கும், மீதி புண்ணாக்கோடு போகும். அந்தப் புண்ணாக்கு எங்கே போகும்?

அத்தையிடம் பால் குடியுங்கள் என்றேன், ஹெபடைடிஸ் பி ரத்தப் பரிசோதனைக்கும் அழைத்துப் போகிறேன். கழித்தது இவ்வளவுதான், ஒரு பிடி. கொல்லையில் குழி வெட்டி வைத்திருக்கிறேன், கேமராவை நிறுத்திவிட்டுப் போய்ப் புதைக்கணும்.